மூன்று வரிக் கார்டு

உத்திரமேரூர்
12-7-1974

அன்புள்ள தம்பி பன்னீர்செல்வத்துக்கு, அக்கா சாமுண்டீஸ்வரி சொல்ல, மகள் கஸ்தூரி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை எழுது. ரைஸ்மில் தூசியால் உன் மாமாவுக்கு வந்த இருமல் இப்போது பரவாயில்லை. மழைதான் இல்லை. ஓட்டல் சோறு தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி.

மாமா, அம்மா சொன்னது அவ்வளவுதான். மீதி இடம் சும்மா கிடக்கிறது, இனி என் பேச்சு.

உங்கள் படக்கதை 'ஏழாவது மதகு' வருகிற வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு சடையப்பன் பெட்டிக்கடையில் முதல் ஆளாக நான்தான் நிற்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, என்ன நடந்தது என்று அவளே சொல்லுவாள். பிறகுதான் நான் எழுத்தைப் படிக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவள் சொல்வது பாதிக்கு மேல் சரியாக இருக்கிறது.

ஆனால் ஒரு குறை. பன்னிரண்டு வாரமாக உங்கள் கதாநாயகி செங்கேணி அப்படியே இருக்கிறாள். அப்பா செத்துப்போகிறார், அழுகிறாள். யாரோ சோறு போடுகிறார்கள், சிரிக்கிறாள். குழாயைத் திறந்து மூடினாற்போல இருக்கிறது. இத்தனை கஷ்டம் பட்டவள் முகத்தில் ஒரு கோணலாவது விழ வேண்டாமா? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வருஷம் பதினோராவது. மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. பாஸ் செய்தால் டீச்சர் டிரெயினிங் போக வேண்டும். இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
கஸ்தூரி

*

சென்னை
25-7-1974

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நான் நலம். அக்காவிடம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன் என்று சொல். பொய்தான், ஆனால் சொல்.

நீ சொன்ன குறை எனக்கும் தெரியும். பத்திரிகை ஆசிரியருக்கு நாயகி நல்லவளாக இருக்க வேண்டும். எனக்கு அவள் வளர வேண்டும். அறைச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, வாரத்துக்கு ஒன்றாகச் செங்கேணியின் முகத்தை வரைந்துகொண்டு வருகிறேன். பன்னிரண்டு முகமும் ஒரே முகம்தான். கடைசி முகத்தை முதல் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் 'இவள் வேறு யாரோ' என்று தோன்ற வேண்டும். நடுவில் எந்த இடத்தில் மாறினாள் என்று யாராலும் கை வைத்துக் காட்ட முடியக் கூடாது. அதுதான் என் ஆசை.

அவள் பொய் சொல்லப் பழகப் போகிறாள். அதுவரை கதை தெரியும். முதல் பொய்யை எப்போது, யாரிடம் சொல்வாள் என்பது தெரியவில்லை. அதைப் போய் வயது முப்பதான ஆண்பிள்ளை நான் யோசித்தால் நாடகம் மாதிரி வருகிறது. நீ யோசித்து எழுது. உனக்குப் பொய் சொல்ல வராது, தெரியும். சும்மா கற்பனை செய்து எழுது.

டீச்சர் டிரெயினிங் நல்ல யோசனை. அக்காவிடம் நீயே சொல். அக்கா, மாமா இருவருக்கும் என் வணக்கம்.

பன்னீர்செல்வம்

*

(எழுதியது, தபாலில் சேராதது)

உத்திரமேரூர்
18-8-1974

தம்பிக்கு,

நல்லா கீறியா? நாங்க நல்லா கீறோம். இத்த நான் சொல்ற மாதிரியே எயுதச் சொல்லிக்கீறேன், அதனால நல்லா கேட்டுக்கோ. கஸ்தூரிக்குப் பதினாறு ஆயிட்டுது. தாய்மாமன் நீ கல்லு மாதிரி குந்திக்கினு கீறப்ப, வெளியில மாப்பிள்ளை தேட எனக்கு இன்னா தலையெழுத்தா? தையில கண்ணாலத்த வச்சுக்கலாம். பரீட்ச எயுதி இவ இன்னா பண்ணப்போறா, உனக்கு ஆக்கிப் போடத்தான போறா. பொங்கலோட பள்ளிக்கூடத்த நிறுத்திடறேன்.

அம்மா செத்தப்ப உனக்கு ஆறு வயசு. தாமல் ஏரிக்கரையில உன்ன இடுப்புல வச்சுக்கினுதான் நாத்து நட்டேன். அத்தச் சொல்லிக் காட்டல. நீ எனக்கு மொதப் புள்ள மாதிரி, என் பொண்ண உனக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பேன்? அவுங்கப்பா 'உன் தம்பி, உன் பொண்ணு, நீயே பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டாரு. 'சரிக்கா'ன்னு ஒரு வார்த்த எயுது, போதும். மித்தத நான் பாத்துக்கறேன்.

எயுதிக்கினே இவ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீறா. வெக்கம்.

அக்கா

*

உத்திரமேரூர்
20-8-1974

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே யாவரும் நலம். அம்மா உங்களை விசாரித்தாள். அப்பாவின் இருமல் முழுதும் விட்டுவிட்டது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

செங்கேணியின் முதல் பொய்யைக் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். அவள் பொய்யே சொல்ல மாட்டாள் மாமா. யாரோ ஒருவர் அவளிடம் ஒரு சேதியைக் கொடுத்து 'போய்ச் சொல்லிட்டு வா' என்பார்கள். வேண்டாதவர்கள் இல்லை, அவள் பேரில் உயிரையே வைத்திருப்பவர்கள். அவள் போவாள். பாதி வழியில் நிற்பாள். சொல்லாமலே திரும்பி வருவாள். 'சொன்னியா?' என்றால் 'ம்' என்பாள். அந்த 'ம்'தான் முதல் பொய். அதில் ஓர் எழுத்துத்தான் இருக்கிறது.

அன்றைக்கு அவளை அழ வைக்காதீர்கள். ராத்திரி வழக்கம்போலச் சாப்பிடுவாள், வழக்கம்போலத் தூங்கியும் விடுவாள். காலையில் எழுந்து, 'எப்படித் தூக்கம் வந்தது?' என்றுதான் அவளுக்குப் பயமாக இருக்கும்.

அரையாண்டுப் பரீட்சைக்கு இப்போதே படிக்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
கஸ்தூரி

*

(கார்டு)

சென்னை
2-9-1974

அன்புள்ள கஸ்தூரி, கடிதம் கிடைத்தது. வேலை தலைக்கு மேல். நீ எழுதியது பிரமாதம், செங்கேணி இனி அப்படித்தான். அக்கா, மாமாவுக்கு என் வணக்கம்.
பன்னீர்செல்வம்

*

உத்திரமேரூர்
10-9-1974

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கார்டு வந்தது. நாங்கள் நலம். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் மனசு சரியில்லை, அது உடம்பு சம்பந்தப்பட்டதில்லை. தீபாவளிக்கு அலைய வேண்டாம். பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த பொய்யும் எனக்குத் தோன்றிவிட்டது, எழுதாமல் இருக்க முடியவில்லை. செங்கேணியின் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத்தில் ஒருவரிடமிருந்து ஒரு கார்டு வருகிறது. அதில் மூன்று வரிதான். செங்கேணி அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்குப் படிக்கிறாள். அதில் இல்லாததை எல்லாம் படிக்கிறாள். கண் கார்டில் இருக்காது, கார்டுக்கு மேலே சுவரில் இருக்கும். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். முறம் நின்றுவிடும்.

படிப்பது கஷ்டமில்லை. மறுநாள் அம்மா வந்து, 'அத்த இன்னொரு தரம் படி' என்பாள். அதுதான் கஷ்டம். முதல் நாள் சொன்ன வார்த்தைகளே வர வேண்டும். ஒரு வார்த்தை மாறினாலும் போச்சு. செங்கேணி அன்று முழுக்கப் பாடம் மாதிரி உருப்போட்டு வைத்திருப்பாள். பிசகாமல் ஒப்பிப்பாள். அம்மா திட்ட மாட்டாள். 'அப்படியா எயுதிட்டான்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். செங்கேணிக்கு ஜெயித்துவிட்டோம் என்று இருக்கும். அவள் முகத்தில் கோணல் விழ வேண்டியது அந்த இடத்தில்தான்.

உங்கள் அன்புள்ள,
கஸ்தூரி

*

சென்னை
22-9-1974

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன். அக்காவின் மனசுக்கு என்ன? உனக்குத் தெரிந்தால் எழுது.

கார்டு படிக்கும் காட்சி இரண்டு பக்கம் வந்திருக்கிறது. கார்டைப் பெரிதாகக் காட்டி, அதில் மூன்றே கோடு போட்டேன். செங்கேணியின் வாயிலிருந்து வரும் பேச்சுக்குக் கட்டத்தில் இடம் போதவில்லை. கண்ணை நீ சொன்னபடி சுவருக்குத் திருப்பினேன். முறம் பாதியில் நிற்கிறது. ஒன்பது வருஷமாகப் படம் போடுகிறேன், இப்படி ஒரு முகம் என் கையிலிருந்து வந்ததில்லை. நீ அனுப்பிய இரண்டு கடிதத்துக்குப் பிறகு சுவரில் இருக்கும் முகங்கள் நிஜமாகவே நகர ஆரம்பித்திருக்கின்றன.

ஆசிரியர் பார்த்துவிட்டு, 'பதினாறு வயசுப் பெண்ணுக்கு இது எங்கிருந்து தெரியும்?' என்று கேட்டார். எங்கள் தாமல் ஏரித் தண்ணீர் அப்படி என்று சொல்லிச் சிரித்தேன். பக்கங்களை நேற்று அச்சுக்குப் பிளாக் எடுக்கக் கொடுத்தாகிவிட்டது. ஐந்து வாரம் முன்கூட்டியே ஓடினால்தான் பத்திரிகை நிற்கும். அக்டோபர் 25 வெள்ளிக்கிழமை இதழில் பார்.

பன்னீர்செல்வம்

*

உத்திரமேரூர்
28-10-1974

திரு. பன்னீர்செல்வம் அவர்களுக்கு, தபால்காரர் அருள்தாஸ் வணக்கம் கூறி எழுதுவது. தங்கள் அக்கா சொல்வதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதும்படி கேட்டுக்கொண்டதால் பேச்சைப் பேச்சாகவே எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும்.

தம்பி, நல்லா கீறியான்னு கேக்க மாட்டேன். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு.

வெள்ளிக்கிழம பொஸ்தகம் வரலன்னு சொன்னா உன் மருமவ. நான் சீமெண்ண வாங்கப் போனா சடையப்பன் கடையில கொடி மாதிரி தொங்கிக்கினு கீது. வாங்கியாந்து நானே பாத்தேன். எனக்கு எயுத்துத்தான் தெரியாது, படம் தெரியாதா? கார்டுல மூணு வரி கீது. அந்தப் பொண்ணு வாயில மூணு பக்கம் கீது. கண்ணு செவுத்துல கீது. பக்கத்துல மொறத்த வச்சுக்கினு ஒரு பேமானி குந்திக்கினு கீறா. அது நான்தான்.

நீ போட்ட கார்டு மாடத்துல கீது, எடுத்துப் பாத்தேன். அதுலயும் மூணு வரிதான்.

ஆவணி மாசம் 'தையில கஸ்தூரியக் கட்டிக்கோ'ன்னு எயுதச் சொன்னேன். அதுக்கு நீ, 'எனக்குக் கண்ணாலமே வேணாம், அவ பரீட்ச எயுதட்டும், இந்தப் பேச்ச இன்னொரு தரம் எடுக்காத'ன்னு எயுதினதா அவ படிச்சா. ரெண்டு தரம் படிச்சா. வளத்தவ கேட்டதுக்கு இப்படி எயுத உனக்கு எப்படிக் கை வந்துதுன்னு ரெண்டு மாசமா வெந்துக்கினு கீறேன்.

அந்த வார்த்த நீ எயுதினதா? ஆமாவா, இல்லியா? இல்லன்னா நாளைக்கே அவளப் பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்திடுவேன், தையில கண்ணாலம். ஆமான்னா, அவ எயுதிட்டுப் போட்டும், நான் குறுக்க நிக்கல. ஆனா என் வூட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது. நான் உனக்கு அக்காவும் இல்ல.

அருள்தாஸ் பேருக்கே பதில் போடு. இவ கைக்குப் போடாத.

சாமுண்டீஸ்வரி

*

உத்திரமேரூர்
28-10-1974

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் நலம் என்று இந்தத் தடவை எழுத முடியவில்லை.

அம்மாவின் கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். அவள் சொல்வதெல்லாம் நிஜம். ஆவணியில் அவள் சொல்லி நான் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழிக்கவும் மனசு வரவில்லை, அனுப்பவும் மனசு வரவில்லை, சரித்திரப் புத்தகத்துக்குள் இருந்தது.

உங்களை எனக்குப் பிடிக்காமல் இல்லை மாமா. கல்யாணம் வேண்டாம், அவ்வளவுதான். உங்களோடும் வேண்டாம், யாரோடும் இப்போது வேண்டாம். அதை அம்மாவிடம் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு நாள் அழுவாள், மறுநாள் நிச்சயத்துக்குப் பூ வாங்கிக்கொண்டு வருவாள். அவளோடு சண்டை போட எனக்குத் தெரியாது. உங்கள் பேரை வைத்துக்கொண்டு சுலபமாக முடித்துவிட்டேன்.

அதை உங்களுக்கு ஏன் எழுதினேன் என்றுதான் இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன். நீங்கள் 'பிரமாதம்' என்று எழுதினீர்கள். அது இன்னும் வேண்டியிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று இலக்கணப் பரீட்சையில் உதாரணம் கேட்டால் இனி என்னை எழுதலாம். 25-ஆம் தேதி இதழில் வருகிறது என்று நீங்கள் எழுதியதும், நிறுத்தச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். காரணம் என்ன என்று எழுதுவது? மூன்றையும் கிழித்துவிட்டேன்.

நீங்களும் ஒரு தடவை கேட்டிருக்கலாம். உங்கள் ஆசிரியருக்குத் தோன்றிய கேள்வி உங்களுக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு உள்ளதை எழுதிவிடுங்கள். எனக்காகப் பொய் எழுதச் சொல்ல எனக்கு முகம் இல்லை. ஆனால் பயமாக இருக்கிறது மாமா. ரொம்பப் பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியாது.

கஸ்தூரி

*

சென்னை
2-11-1974

அருள்தாஸ் அவர்களுக்கு வணக்கம். கீழே உள்ளதை என் அக்காவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டவும்.

அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன்.

ஆமாம். அந்த வார்த்தை நான் எழுதியதுதான். கார்டில் இல்லை, அதற்கு நாலு நாள் முன்னால் போட்ட கவரில் எழுதினேன். படித்ததும் கிழித்துவிடச் சொன்னதும் நான்தான். கஸ்தூரி ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல் அவள் வாயால் சொல்ல வைத்தேன். தப்பு என்னுடையது.

படத்தில் இருப்பது கற்பனை. பத்திரிகைக்காரர்கள் வாரா வாரம் எதையாவது கேட்கிறார்கள், எதையாவது போட்டுக் கொடுக்கிறோம். அதில் உன்னைப் பார்த்து நீ வருத்தப்பட வேண்டாம்.

அவள் பரீட்சை எழுதட்டும். ஆமாம் என்றால் குறுக்கே நிற்க மாட்டேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். தாமல் ஏரிக்கரையில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நாற்று நட்டவள் நீ. சொன்ன சொல் மாறியவள் இல்லை.

வாசற்படி விஷயமும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். நான் வர மாட்டேன். எனக்கு அழுகையாக வருகிறது அக்கா, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவுக்கு மழைக்காலத்தில் இருமல் திரும்ப வரும், வெந்நீர் கொடு.

பன்னீர்செல்வம்

*

உத்திரமேரூர்
14-6-1975

அன்புள்ள மாமாவுக்கு,

அப்பாவும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ஏழு மாதமாக எனக்கு ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் இருந்ததும் சரிதான். நானும் எழுதவில்லை.

அருள்தாஸ் அண்ணன் உங்கள் கடிதத்தைப் படித்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். 'ஆமாம்' என்று அவர் படித்ததும் நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், 'சரி, அவ எயுதட்டும்' என்றாள். பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய புடவைப் பார்சலைக் கைநாட்டு வைக்காமல் திருப்பி அனுப்பினாள். அன்று பொங்கல் வைத்தாள், சாப்பிடவில்லை. 'அம்மா, மாமா எழுதியது பொய்' என்று சொல்ல எத்தனை தடவை வாய் எடுத்தேன் தெரியுமா? பரீட்சை முடியட்டும் என்று ஒத்திப் போட்டேன். மார்ச்சும் ஏப்ரலும் போனது. மே மாதமும் போனது. இன்னும் சொல்லவில்லை. என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

அவள் நம்பிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் எண்ணெய்க்கடையில் எல்லம்மாள் அத்தையிடம் சொன்னாள்: "தம்பி எயுதினது நெசம்னே வச்சுக்கோ. மொறம் எப்படிப் பாதியில நின்னுதுன்னு மெட்ராசுல கீறவனுக்கு யார் சொன்னது?" நான் பின்னால் நின்றது அவளுக்குத் தெரியும்.

உங்கள் படக்கதை மாசியில் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் செங்கேணியை அவள் அம்மா கட்டிக்கொள்கிறாள். எல்லாப் பக்கத்திலும் நிஜத்தைப் போட்டீர்கள், அந்த ஒரு பக்கத்தில் மட்டும் போடவில்லை.

நேற்று ரிசல்ட் வந்தது. சடையப்பன் கடையில் பேப்பர் வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். என் நம்பர் இருந்தது. 'அம்மா, நான் பாஸ்' என்று நம்பரைப் படித்துக் காட்டினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பேப்பரைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து பேப்பரையும் ஹால் டிக்கெட்டையும் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வெயிலில் தபால் ஆபீஸுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். "இதுல இன்னா போட்டுக்கீது, படி" என்று அருள்தாஸ் அண்ணனிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்துத் தேடி, "இருக்குதும்மா, உங்க பொண்ணு பாஸ்" என்றார்.

அவர் படித்துச் சொன்ன பிறகுதான் அம்மா சிரித்தாள்.

இப்படிக்கு,
கஸ்தூரி